தலைக்கு ஹெல்மெட்... நெஞ்சுக்கு எது?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள வைகாட்டோ, பால் பண்ணைகளுக்குப் பேர்போன வட்டாரம். ஹாமில்டன் நகரைத் தாண்டினால் இரு பக்கமும் மேய்ச்சல் நிலம்தான். மாடுகள் பெரும்பாலும் புல்வெளியிலேயே இருக்கின்றன. விடியுமுன் அவற்றைக் கறவைக் கூடத்துக்கு ஓட்டிவர வேண்டும். வேலி பார்க்க வேண்டும். களைக்கொல்லி அடிக்க வேண்டும். இத்தனைக்கும் அங்கே கைகொடுப்பது நான்கு சக்கர 'குவாட் பைக்'.

சுமார் 300 கிலோ எடையுள்ள வண்டி அது. சேறு, மேடு எதையும் ஏறிவிடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. சரிவில் குறுக்கே போகும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், கவிழ்ந்துவிடும். பின்னால் மருந்துத் தொட்டி இருந்தால், உள்ளே தண்ணீர் அலம்பி, கவிழ்வதை எளிதாக்கும்.

அங்கே ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பண்ணை வேலைக்கென்றே என்.இசட்.எஸ். 8600 என்ற தர முத்திரை உண்டு. எடை குறைவு, காற்று புகும், காதும் நன்றாகக் கேட்கும். ஆனால், மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுபவர்களுக்கே அது போதும். அதைவிட வேகமாகப் போகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்தான் சரி. தலையில் ஆடாமல் உட்கார வேண்டும். தாடை வார் கட்டாயம் மாட்ட வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உதவாது.

கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கை சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் வழுக்காத பூட்ஸ். தொங்கும் துண்டு, தளர்ந்த உடை கூடாது, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

இத்தனையும் அணிந்த ஆளும் வண்டிக்கு அடியில் சிக்கினால்? நெஞ்சு நசுங்கி மூச்சு நின்றுவிடும். ஹெல்மெட்டால் அதைத் தடுக்க முடியாது. அதற்குத்தான் சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் வளைவுக் கம்பி. வண்டி கவிழ்ந்தாலும், முழு எடையும் ஆள்மேல் அமராதபடி இடைவெளி தர இது உதவும். பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் இத்தகைய பாதுகாப்பு அமைப்பு கட்டாயம்.

நீளமான சீட்டைப் பார்த்து இரண்டாம் ஆளை ஏற்றக் கூடாது. சரிவில் ஓட்டுபவர் உடம்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி எடையைச் சமன் செய்யத்தான் அந்த நீளம். 16 வயதுக்குட்பட்டவர்களிடம் பெரியவர்களுக்கான வண்டியைக் கொடுக்கவே கூடாது.

நம் வயலில் இந்த வண்டி இல்லாமல் இருக்கலாம். வரப்பேறும் டிராக்டர் இருக்கிறதே! அதன் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைப்பதும், கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூண்டு இல்லாமல் மேடேறுவதும் இதே ஆபத்துதான். அடுத்த உழவுக்கு வண்டியை எடுக்கும் முன் மட்கார்டைக் காலி செய்யுங்கள். கம்பிக்கூண்டு பொருத்த முடியுமா என்று டீலரிடம் கேளுங்கள்.