இருளும் ஓர் உதவியே

புரட்டாசி மாதத்தின் கடைசி வாரம். காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்குத் திரும்பினோம். மாடிப் படியில் கால் வைத்த வேளையில் 'பட்' என்று ஓர் ஓசை. எவரோ கல்லெறிந்தனர் என்றே முதலில் எண்ணினோம். வெளியே சென்று பார்த்தபோது, கிழக்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடிச் சாளரத்தின் அடியில், சிமெண்டுத் தரையின்மேல் ஒரு பறவை கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குருதிச் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டியது போல் ஒரு கறுப்புப் பட்டை. வடநாட்டார் 'நவரங்' என்று அழைக்கும் பறவை அது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால், நம் மக்கள் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயரிட்டனர்.

இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே புறப்பட்டு, இரவு இரவாகப் பறந்து தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இலங்கைக்கும் வந்து சேர்வது அப்பறவை. எடையோ ஒரு கோழி முட்டை அளவுதான். அத்தனை தொலைவைக் கடந்து வந்த சிற்றுயிர் எமது வீட்டுச் சுவரில் வந்து வீழ்ந்தது.

உபதேசியார் செம்பும் கரண்டியுமாக ஓடிவந்தார். "சாமி, வாயிலே கொஞ்சம் தண்ணி விடட்டுமா?"

"வேண்டாம்" என்று தடுத்தோம். எமது குரலில் இருந்த கடுமை எமக்கே வியப்பாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு, இதே சாளரத்தில் ஒரு மரகதப் புறா மோதி விழுந்தது. அன்று யாமே முன்னின்று உதவினோம். அலகைத் திறந்து கரண்டியால் நீர் ஊற்றினோம், தலையைத் தடவினோம், விசிறினோம். மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு முறை கையில் ஏந்திப் பார்த்தனர். அரைமணி நேரத்தில் அது எம் உள்ளங்கையிலேயே இறந்தது. இயன்றதெல்லாம் செய்தோம் என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

சில நாள் கழித்து, பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு சொன்னார்: "சாமி, நீங்கள் செய்தது எல்லாம் உங்கள் மனத்துக்கு ஆறுதல். பறவைக்கு அத்தனையும் துன்பம்." மயங்கிய பறவையால் விழுங்க இயலாது, மூச்சுக்குழலின் வாய் அதன் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காட்டுப் பறவைக்கு மனித முகம் கொல்ல வரும் விலங்கின் முகமே. நமது தடவல் அதற்குப் பேரச்சம். வேண்டுவது ஒன்றே: துணி விரித்து, காற்றுத்துளையிட்ட ஒரு மூடிய பெட்டி, இருள், அமைதி, காக்கையும் பூனையும் அணுகாத இடம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, வெளியே எடுத்துச் சென்று திறந்துவிட வேண்டும். இறக்கை தொங்கினாலோ, பறக்க இயலாவிட்டாலோ, மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வீட்டில் வைத்து வளர்த்தலாகாது. அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

ஆகவே இம்முறை, மெழுகுதிரி வந்த அட்டைப்பெட்டியில் பென்சிலால் துளையிட்டு, பழைய துணியை விரித்து, பறவையை மெல்ல எடுத்து வைத்து மூடினோம். ஆளரவமற்ற பின்னறையில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினோம். செய்ய வேண்டியது அவ்வளவே. அதன் பின்னர்தான் உண்மையான சோதனை தொடங்கியது. மும்முறை எழுந்து கதவருகே சென்றோம். மும்முறை திரும்பி வந்து அமர்ந்தோம். திறந்து பார்க்கும் ஆவல் எம்முடையது. பறவைக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

அந்தக் காத்திருப்பில் ஒரு வீடு எம் நினைவுக்கு வந்தது. எமது பங்கில் ஒரு தாய், தன் ஒரே மகனைச் சாலை விபத்தில் இழந்தார். யாம் நாள்தோறும் அவர் வீட்டுக்குச் சென்றோம். குருமடத்தில் துன்பத்தின் மறைபொருளைப் பற்றிக் கற்றதையெல்லாம் எடுத்துரைத்தோம். ஒன்பதாம் நாள் அவர் தலை நிமிராமலே சொன்னார்: "சாமி, நாளைக்கு வர வேண்டாம்." எமக்கு வருத்தம், சிறிது சினமும்கூட. பல வாரங்கள் அவ்வழியே செல்லாதிருந்தோம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் அவரருகே பேசாது தரையில் அமர்ந்திருந்தனர். வாய் திறந்த பின்னரே தவறினர். இதைப் பலமுறை மறையுரையில் கூறியவர் யாமே. ஆயினும் விழுங்க இயலாத ஒருவர் வாயில் கரண்டி கரண்டியாக நீர் ஊற்றியிருக்கிறோம் என்பது, பூட்டிய அறையின் வெளியே அமர்ந்திருந்தபோதுதான் எமக்கு விளங்கிற்று.

ஒன்றரை மணி நேரம் சென்றபின் பெட்டிக்குள் நகம் கீறும் ஓசை கேட்டது. தோட்டத்துப் பலாமரத்தடிக்கு எடுத்துச் சென்று மூடியைத் திறந்துவிட்டு விலகி நின்றோம். பறவை விளிம்பில் ஏறி நின்றது. ஒரு கணம் தயங்கியது. பின்பு தாழப் பறந்து ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. உபதேசியார் கைதட்டினார். பறந்து சென்றும் உட்காயத்தால் பின்னர் இறப்பவை உண்டு என்று மருத்துவர் கூறியிருந்ததால், காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

மேலும், அந்தக் கண்ணாடியைப் பதித்தவர்கள் யாமே அல்லவா? மரக் கதவு போதும் என்ற முதியோரின் சொல்லைக் கேளாமல், அழகுக்காக அமைத்த சாளரம் அது. அதில் மலையும் வானமும் தோன்றும். பறவை அதை வழியென்று நம்பும். இது எம் ஊருக்கு மட்டும் உரிய கேடன்று. அமெரிக்க நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி மடிகின்றன என 2014இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. 2023 அக்டோபரில், சிகாகோ நகரத்து ஏரிக்கரை மாளிகை ஒன்றில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மாண்டன. மறு ஆண்டு கண்ணாடி முழுவதும் சிறு புள்ளிகள் பதித்தனர்; சாவு பெரிதும் குறைந்தது.

யாமும் வெள்ளை வண்ணத்தால், கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தோம். "சாளரத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்று பங்கு மக்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும்.

அன்று மாலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்தோம். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். யாம் எதுவும் பேசவில்லை. வெளிச்சம் மெல்லக் குறைந்தது. தோட்டத்தின் உட்புறத்திலிருந்து ஓர் இரட்டைச் சீழ்க்கை எழுந்தது. காலையில் சென்ற பறவைதானா, வேறொன்றா, யாம் அறியோம்.

"ஆறு மணி ஆயிட்டு, சாமி" என்றார் அவர். சிறிது நேரம் கழித்து, "அவன் வேலை முடிஞ்சு வர்ற நேரம்" என்று, தம் மகனைப் பற்றித் தாமாகவே பேசத் தொடங்கினார். யாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.