பெயரில்லாத தாள்

நாகப்பட்டினத்தில் உளுந்து காயும் ஏப்ரல் வெயில். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள் திருத்திவிட்டு வந்த அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுத்தால்தான் தேர்ச்சி. ஒரு தாளில் 13. மறுபடி புரட்டியதில், சமன் செய்யாத ஒரு சமன்பாட்டுக்குப் படிநிலை மதிப்பெண் ஒன்று கிடைத்தது. 14. அதற்குமேல் விடைக்குறிப்பு இடம் தரவில்லை.

"விடுக்கா, துணைத் தேர்வு இருக்கே."

"பையன்னா எழுதுவான்டி. பொண்ணா இருந்தா?"

தாளில் பெயர் கிடையாது. திருத்தும் மேசையில் ஆண், பெண் எல்லாம் ஒன்று. வீட்டில் அப்படியில்லை. அதே 14 அவனை டுட்டோரியலுக்கு அனுப்பும். அவள் ஜாதகத்தைத் தரகரிடம் அனுப்பும்.

நானும் வேதியியலில் தவறியவள்தான். அப்பா ஜாதகத்தை எடுத்தார். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்து மறுதேர்வுக்குப் பணம் கட்டினாள். இன்று கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன்.

அந்தப் பிள்ளைக்குத் தோடு கழற்ற யார் இருக்கிறார்கள்? அக்கா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.