எது தாயாறு?

பல்கார் என்னும் ஊர்ப்பெயரை நாம் முதன்முதலில் அறிந்தது பூகோள நூலிலன்று, ஃபிக்ஹுப் பாடத்தில். கோடையில் அந்திச் செம்மை மறையுமுன்னரே வைகறை புலர்ந்துவிடும் அவ்வூரில் இஷாத் தொழுகையின் நேரம் எது என ஹனஃபி நூல்கள் ஆராய்கின்றன. ஓதிய காலத்தில், அவ்வூர் எங்குள்ளது என நாம் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை.

அரபு ஆசிரியர்கள் இத்தில் என அழைத்த நதியே இன்றைய வோல்கா. பல்கார் அதன் கரையில், காமா என்னும் பேராறு அதனோடு கலக்குமிடத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபள்லான், ஸ்டெப்பிப் புல்வெளியின் ஆறுகள் பலவற்றைத் தோற்படகுகளில் கடந்து, கி.பி. 922 மே மாதத்தில் அந்நாட்டை அடைந்தார்.

இருபதாண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கொணர்ந்தார். "ஹஜ்ரத், இத்தில் கிழக்கே கிர்கீஸியர் நாட்டருகே தோன்றுகிறது என்கிறார் இஸ்தக்ரீ. படத்திலோ வோல்கா மாஸ்கோவுக்கு வடமேற்கே வல்தாய்க் குன்றுகளில் அல்லவா பிறக்கிறது?" என்றார். "முன்னோர் செவிவழிச் செய்தியை எழுதினர், அது பிழை. பாடத்தைக் கவனியும்" என்று நாம் அவர் வாயை அடைத்தோம். அதன்பின் அவர் நம்மிடம் எதுவும் கேட்டதில்லை.

பின்னொரு நாள் பெரிய தேசப்படம் ஒன்றை விரித்து வைத்து, பல்காரில் நிற்பவராக நம்மைக் கற்பனை செய்துகொண்டு பார்த்தோம். மேற்கிலிருந்து வரும் வோல்கா, நீஷ்னி நோவ்கரோதில் ஓகா ஆற்றைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. வடகிழக்கிலிருந்து காமா வருகிறது. அதனுள் பேலயா என்னும் ஆறு யூரல் மலையின் நீரைக் கொணர்ந்து சேர்க்கிறது. சங்கமத்தில் காமாவின் நீர் வோல்காவின் நீருக்குக் குறைந்ததன்று. தாத்தாரியர் வோல்காவை இதெல் என்பர். பேலயாவையோ ஆக் இதெல், அதாவது வெள்ளை இதெல், என்பர். அவர்கள் வழக்கில் அதுவும் ஓர் இதெலே! கிழக்கிலிருந்து வரும் நீரை நதியின் தலையாகக் கொண்ட மக்களின் சொல்லையே இஸ்தக்ரீ எழுதியிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவர். கிர்கீஸியர் நாடு அவ்வாறுகளுக்கு வெகுதொலைவு; அவ்வளவில் அவர் கூற்று பிழையே. ஆயினும் அவர் சுட்டிய திசை வெறுங்கற்பனையன்று.

வோல்கா 3,530 கிலோமீட்டர் ஓடுகிறது. வோல்கோகிராடுக்குத் தெற்கே, வறண்ட புல்வெளியில், குறிப்பிடத்தக்க துணையாறு எதுவும் அதில் சேர்வதில்லை. அஸ்திரகானைக் கடந்து காஸ்பியன் கடல் வரை அது கொண்டுசெல்வது, வடக்கே ஓகாவும் காமாவும் பிறவும் ஈந்த நீரையே. எது தாயாறு, எது துணையாறு என்பது பெயரிட்டவர் நின்ற கரையைப் பொறுத்தது. கீழே நீரருந்தும் நிலத்துக்கு அப்பேதம் இல்லை.

இன்று அந்தச் சங்கமம் 1950களில் எழுந்த குய்பிஷேவ் அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிக் கிடக்கிறது. இரண்டு ஆறுகளையும் கண்ணால் பிரித்தறிதல் அரிது. அம்மாணவர் இப்போது எவ்வூரில் ஓதிக்கொடுக்கிறாரோ, அறியோம். ஆசிரியரின் ஓடையில் மாணவரின் கேள்வியும் வந்து சேரும் ஆறுதான். அதை அன்று நாம் அணையிட்டுத் தடுத்தோம். இக்கட்டுரை அவர் கண்ணில் படுமாயின், காலந்தாழ்ந்த நம் விடையாக இதை ஏற்றுக்கொள்வாராக.