மின்வில்லின் வெளிச்சத்தில்

காங்கேசன்துறை வீதியோரத்துப் பற்றவைப்புக் கடையொன்றில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை செய்கிறான். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளுக்கு மயில் வைத்த இரும்புப் படலைகள் செய்வது அவன் தொழில். சென்ற மாதம் கண்டபோது அவன் கண்கள் செவ்வரத்தம்பூவாய்ச் சிவந்திருந்தன.

"பகலிலை ஒண்டும் தெரியாது, சேர். சாமத்திலைதான் கண்ணுக்குள்ளை மணல் அள்ளிக் கொட்டினமாதிரிக் கிடக்கும். உருளைக்கிழங்கு வெட்டி வைச்சால் ஆறும்" என்றான்.

முகமூடி சுவரில் தொங்கியது. அதன் கண்ணாடி வெடித்துப் பல நாளாம், முதலாளி மாற்றவில்லை.

அவனுக்காகவே இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கோலுக்கும் இரும்புக்கும் இடையில் எரிவது வெறும் நெருப்பன்று. அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்தோடும் பிளாஸ்மா. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு; மின்வில்லின் வெப்பம் அதற்குக் குறைந்ததன்று. அதிலிருந்து வீசும் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்படலத்தைச் சுடுகிறது. நோவு பல மணி நேரங் கழித்தே வருவதால், சுடும்போது சுடுவது தெரிவதில்லை.

இதே மின்வில்லுக்கு அஞ்சுவோர் வேறிடத்திலும் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடம் ஆராய்ந்துவரும் நேர்கோட்டுத் துகள்முடுக்கிக்கு, மீற்றருக்குப் பத்துக் கோடி வோல்ற்று அளவான மின்புலம் வேண்டும். அத்தகைய புலத்தில், வெற்றிடத்திலேகூட மின்வில் பாய்ந்து செப்புச் சுவரிற் குழி பறிக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கூர்முனையில் மின்புலம் குவிகிறது. அங்கிருந்து இலத்திரன்கள் பாய்கின்றன. முனை சூடேறிச் செப்பணுக்கள் ஆவியாகின்றன. இலத்திரன்கள் மோத அவை அயன்களாகின்றன. அயன்களோ திரும்பிவந்து தாம் பிறந்த சுவரையே தாக்கி, மேலும் அணுக்களைப் பெயர்க்கின்றன. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ன் அறிஞரும் இந்நிகழ்ச்சியைக் கணினியில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். எண்ணற்ற துகள்களுக்குப் பதிலாகச் சில கணிப்புத் துகள்களை ஓடவிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்ற கணக்குத்தான்.

அம்முயற்சியை நான் குறை கூறவில்லை. ஆயினும், செப்புத் தகட்டின் காயத்துக்கு இத்தனை கவலை உண்டென்று கண்டபோது அவன் கண்களே என் முன் நின்றன. கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவனுடைய யந்திரத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கையோ முழுவதும் ஆங்கிலம். புணர்ச்சி விதி தெரியவில்லையென்று அவனைப் பிரம்பால் வெருட்டிய நானும், அவனுக்கு வேண்டிய நாலு வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனல்லன்.

இம்முறை எழுதிக்கொண்டு போனேன்: பத்தாம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும், வெறுங்கண்ணோடு மின்வில்லைப் பார்க்கலாகாது, பக்கத்தில் நிற்பவனுக்கும் மறைப்பு வேண்டும், கண் நொந்தால் ஆசுபத்திரிக்குப் போ. சிவந்த கண்களைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தான். பிறகு கேட்டான்:

"சேர், இதை முதலாளிக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளோ?"