மெஷின் மடக்கினால் போதுமா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனால், பிள்ளைகள் முதலில் காட்டுவது கட்டிலில் இருக்கும் சிபிஎம் மெஷினைத்தான். காலை அதில் வைத்து, எத்தனை டிகிரி என்று குறித்துவிட்டால், மோட்டார் மெல்ல மடக்கும், நீட்டும். "அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்திருக்கோம்" என்று சொல்லும் முகத்தில் பாசம் தெரிகிறது. அதனால்தான் இதைச் சொல்ல நினைக்கிறேன்.

இந்த முறையைத் தந்தவர் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்டர். அடிபட்ட மூட்டை அசையாமல் கட்டி வைப்பதே வைத்தியம் என்றிருந்த காலத்தில், 1970-களில் முயல்களின் மூட்டை இடைவிடாமல் அசைத்துப் பார்த்தார். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்கு ஊட்டம், அசைவுதான் அந்த ஊட்டத்தைச் சேர்க்கிறது. அசைத்த மூட்டுகள் நன்றாக ஆறின. எவ்வளவு துணிச்சலான சிந்தனை!

ஆனால் மாற்றிப் பொருத்திய மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும். அதற்கு ஊட்டம் எதற்கு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2014-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இந்த மெஷினால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் சராசரியாக 2 டிகிரிதான். குருத்தெலும்பைச் சரிசெய்யும் அறுவைக்குப் பிறகு மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தால், அது வேறு கதை. அவர் சொன்னபடி செய்யுங்கள்.

நாற்காலியிலிருந்து எழ முழங்கால் 90 டிகிரிக்குமேல் மடங்க வேண்டும். மடங்கினால் மட்டும் போதாது, உடம்பைத் தூக்கி நிறுத்தத் தொடைத் தசைக்கு வலு வேண்டும். அறுவைக்குப் பின் அந்தத் தசை சோர்ந்து போகிறது. முட்டியைப் படுக்கையோடு அழுத்துவது, காலை நீட்டியபடியே தூக்குவது, வாக்கரைப் பிடித்து நடப்பது, இதெல்லாம் நோயாளியே செய்ய வேண்டியவை. வலிக்கும். மருத்துவர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சற்று முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் மூட்டு இறுகிவிடும்.

பிள்ளைகளே, "நீங்க படுங்கப்பா, மெஷின் பாத்துக்கும்" என்று சொல்லாதீர்கள். அந்த வாடகைப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் போன பிறகு, மாலையில் அப்பா காலைத் தூக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அப்படியே பழகினால் கால் முழுதாக நீளாது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.