ஆட்டோகிளேவ் சொல்லும் நேரம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

வாணியம்பாடிச் செய்தியை இன்றுதான் முழுதாகப் படித்து முடித்தேன். 2023இல் அங்கே ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் 8 பேர் மூளைத் தொற்றால் இறந்திருக்கிறார்கள். மெலியாய்டோசிஸ் என்னும் நோய். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துருவித் துருவி ஆராய்ந்து, இப்போது லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு போய் நின்ற இடம் ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்குகிற எலிவேட்டராலேயே மூடியைத் திறந்து, பாட்டில் வாயில் பஞ்சை அடைத்து வைத்து, மிச்சத்தை அடுத்தவருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த எட்டுப் பேரும் பல்வலி என்றுதான் படியேறியிருப்பார்கள். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் என்னைப் போல ஒற்றை அறை, ஒற்றை சேர், இரண்டு உதவியாளர்கள் என்று கிளினிக் நடத்தும் ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு அன்றிரவு தூங்காமல் இருந்தால்தான் நியாயம்.

காலையில் கிளினிக் திறந்ததும் உதவியாளர் பெண்கள் இருவரையும் உட்காரவைத்துச் செய்தியை வாசித்துக் காட்டினேன். எங்களிடம் 100 மில்லி பாட்டில்தான். ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும். ஏன் என்பதை இன்றைக்கு அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தேன். சின்னவள் கேட்டாள்: "பாதிக்கு மேல மிஞ்சுமே மேடம், வீணாப் போகுதே?" வீணாகத்தான் போகும், போகட்டும் என்றேன். சிக்கனம் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ஜூன் 5, வியாழன்

பல் மருத்துவச் சாமான் விற்கும் டீலர் வந்திருந்தார். இரண்டாவது சேர் போடச் சொல்கிறார். அவர் கணக்கு எளிது. மாலையில் கோவில்பட்டிக் கூட்டம் மாடிப்படி வரை நிற்கிறது. இன்னொரு சேர், புதிதாகப் படித்துவிட்டு வந்த ஒரு பி.டி.எஸ். டாக்டர், மாதத் தவணை. ஒரு வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாமாம்.

அவர் போனபின் என் கணக்கைப் போட்டேன். அது சேரில் தொடங்குவதில்லை, ஏரோட்டரில் தொடங்குகிறது. சொத்தையைக் குடையும் ஏரோட்டர் சுழன்று நிற்கும் நொடியில் எச்சிலையும் ரத்தத்தையும் தன் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிப்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் எத்தனை முறை துடைத்தாலும் உள்ளே போனது போனதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு அதை வெப்பத்தால் சுத்திகரித்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவின் சி.டி.சி. 2003லேயே வழிகாட்டி எழுதிவிட்டது. ஆட்டோகிளேவில் 134 டிகிரியில் நிற்க வேண்டிய நேரம் மூன்று நான்கு நிமிடம்தான். ஆனால் கழுவி, எண்ணெய் விட்டு, பையில் போட்டு ஒட்டி, காற்றை உறிஞ்சி, சூடேறி, உலர்ந்து, ஆறி, மறுபடி கைக்கு வர ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

என்னிடம் ஓடுகிற நிலையில் ஆறு ஏரோட்டர்கள். மாலை 5 மணிக்கு ஆறும் தயார். முதலில் பயன்படுத்தியவை திரும்பி வர ஆறரை தாண்டும். ஆகவே குடைகிற வேலை உள்ளவர்களை ஒன்பது மணிக்குள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பார்க்க முடியாது. இரண்டாவது சேர் வந்தால் இதே ஆறும் ஆறு மணிக்கே தீர்ந்துவிடும். வெளியே கூட்டம், உள்ளே இரண்டு டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்பிரிட் பஞ்சு மேசைக்கு வருவது அந்த நேரத்தில்தான். கெட்ட எண்ணம் உள்ளவர்கள்தான் அதைச் செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில் இருப்பவர்களும் செய்கிறார்கள்.

அதனால் சேர் இப்போது வேண்டாம். முதலில் நான்கு ஏரோட்டர். அடுத்து இன்னொரு பி கிளாஸ் ஆட்டோகிளேவ். அதன் பிறகு சேரைப் பற்றி யோசிக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. தண்ணீர் வேலையை முடித்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் சில நாளில் உள்ளே வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். வடிநீர் கேன்தான் வாங்குகிறோம். சேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் அதைவிடப் பெரிய கவலை. நீர் நின்று நின்று ஓடுவதால் உட்சுவரில் நுண்ணுயிர்கள் வழவழவென்று படலம் கட்டும். இத்தாலியில் 2011இல் 82 வயதுப் பாட்டி ஒருவர் இப்படிப்பட்ட குழாய் நீரிலிருந்து லீஜனேர் நோய் தொற்றி இறந்தார். அமெரிக்காவில் ஜார்ஜியாவிலும் கலிபோர்னியாவிலும் 2015, 2016இல் பால்பல்லுக்கு நரம்பு சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்குத் தாடையில் தொற்று வந்ததற்கும் இந்த நீர்தான் காரணம்.

இரவு பூட்டும் முன் சேரின் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிக் கவிழ்த்து, குழாயில் காற்றை மட்டும் ஓடவிட்டு உலர்த்த வேண்டும். காலையில் இரண்டு நிமிடம், ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே அரை நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். அறுவை வேலைக்குக் குழாய் நீரே கிடையாது. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை, ஆனால் வீக்கமோ சீழோ இல்லை. காப்பாற்றிவிடலாம். மூன்று நான்கு முறை வர வேண்டியிருக்கும் என்று பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"பிடுங்கி விட்ருங்க டாக்டரம்மா. ஒரு நாள் வரலன்னா ஒரு நாள் கூலி போச்சு. நாலு நாள் எங்கிட்டுப் போவேன்?"

இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே கிடையாது. கரிசல் காட்டில் பிடுங்கப்படும் பற்களில் பாதியைச் சொத்தை பிடுங்கவில்லை, கூலிதான் பிடுங்குகிறது என்றே எனக்குத் தோன்றும்.

தீப்பெட்டிக்கும் தாடைக்கும் பழைய பகை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர்கள் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்துத் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். 1888இல் லண்டனில் தீப்பெட்டிப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் அந்தக் கொடுமையை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. 1906இல் பெர்ன் உடன்படிக்கை. 1913இல் இந்தியாவிலும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடைச் சட்டம். இன்று பெட்டியின் பக்கவாட்டில் தடவுவது சிவப்புப் பாஸ்பரஸ். அந்த நோய் போய்விட்டது. கூலிக் கவலையால் பல்லை இழப்பது போகவில்லை.

சீழ் இல்லாத பல்லுக்கு ரூட் கேனலை ஒரே அமர்வில் முடிக்கலாம். ஒரே அமர்வோ பல அமர்வோ, ஆறுவதில் வித்தியாசமில்லை என்பது காக்ரேன் தொகுப்பாய்வு சொல்வது. ஒரே அமர்வில் செய்தால் வலி மாத்திரை சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதற்கு ஒன்றரை மணி நேரத்தை ஒருவருக்கே ஒதுக்க வேண்டும். கேப் அளவெடுக்கவும் மாட்டவும் இரண்டு முறை வரலாம், ஆனால் அவை அரை மணி வேலை. ஆபீஸ் விட்டபின் வந்தால் போதும். ஞாயிறு காலை 7 மணிக்கு வரச் சொன்னேன். கிளினிக் விடுமுறைதான். இப்படிப்பட்டவர்களுக்கு இனி மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை திறப்பதாக முடிவு. அன்றைக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு வாரநாளில் மாற்று விடுப்பு.

ஜூன் 21, சனி

டோக்கனை நிறுத்திவிட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு மாறிய முதல் சனிக்கிழமை. எதிர்பார்த்த சண்டை நடந்தது.

விளாத்திகுளம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர் ஐந்தே காலுக்கு வந்தார். ஏழு மணிக்குத்தான் இடம் என்றதும் சத்தம் போட்டார். "முன்னாடி வந்தவனுக்கு முன்னாடி பாக்குறதுதானே ஞாயம்? போன் போட்டுச் சொன்னாத்தான் பல்லு வலிக்குமா?" வரவேற்பில் இருக்கும் அக்கா முகம் சிவந்துவிட்டது. அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் வருபவருக்கு நம்முடைய நோட்டுப் புத்தகம் தெரியாது.

அவரை உள்ளே அழைத்துப் பார்த்தேன். வலி கடுமை. மருந்து வைத்து வலியை அடக்கி, பெரிய வேலைக்கு வேறு நாள் குறித்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆனது. இனி ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் வலியோடு வருபவர்களுக்கென்று வைக்கச் சொல்லிவிட்டேன். வலியை அடக்குவது வேறு, சிகிச்சையை முடிப்பது வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைத்ததுதான் கூட்டத்துக்குக் காரணம்.

முந்தின நாள் மாலை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது. எழுத்தில் அனுப்பினால் பலர் திறப்பதில்லை. அக்காவின் குரலில், பேர் சொல்லி, "நாளைக்கு ஆறு மணிக்கு வாங்கண்ணே, சக்கரை மாத்திரையை நிறுத்தாமச் சாப்ட்டுட்டு வாங்க" என்று போனால் பதில் வருகிறது. வர முடியாதவர்கள் முன்பே சொல்கிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

செலவுச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. தமிழில் ஒரு பக்கம். எந்தப் பல், என்ன கோளாறு, என்ன செய்யலாம், எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு. கடைசியில் ஒரு கட்டம்: இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும். அந்தக் கட்டத்தில் சில சமயம் "ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றும் எழுத வேண்டியிருக்கும். எழுதுவேன். பல் சிகிச்சையில் நோயாளியால் எதையும் சரிபார்க்க முடியாது. நாம் காட்டும் எக்ஸ்ரேயில் கறுப்பு எது, நிழல் எது என்று அவருக்குத் தெரியாது. அந்த அறியாமையின் மேல் கட்டணம் ஏற்றாதவர்களிடம்தான் ஊர் திரும்ப வரும்.

ஆள் அனுப்பினால் பங்கு என்று ஒருவர் தூது விட்டிருந்தார். மறுத்துவிட்டேன். பல் மருத்துவர் நெறிமுறையும் அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் அந்தப் பங்கு நோயாளியின் பையிலிருந்துதான் போகும்.

ஜூலை 4, வெள்ளி

ஸ்போர் சோதனை முடிவு. ஆட்டோகிளேவின் மானி 134 காட்டுவதும், பையின் மேல் பட்டை நிறம் மாறுவதும் வெப்பம் பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. கிருமி செத்ததா என்று கிருமியைத்தான் கேட்க வேண்டும். நீராவியில் எளிதில் சாகாத ஜியோபேசில்லஸ் வித்துகள் அடங்கிய குட்டிக் குப்பியைச் சாமான்களோடு உள்ளே வைத்து ஓட்டி, பிறகு கதகதப்பான பெட்டியில் ஒரு நாள் வைப்போம். உள்ளே போகாத இன்னொரு குப்பியும் பக்கத்திலேயே இருக்கும்.

இன்று காலை பெரியவள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெந்த குப்பி ஊதாவாகவே இருந்தது. வேகாத குப்பி மஞ்சளாகிவிட்டது. அதில் உயிர் முளைத்திருக்கிறது. இரண்டும் அப்படி இருந்தால்தான் சோதனையே செல்லும். காத்திருப்பு அறையில் இருந்த இருவர் என்னவென்று கேட்டார்கள். அவளே விளக்கினாள். எவ்வளவு செலவழித்து உள் அலங்காரம் செய்தாலும் இந்த ஐந்து நிமிடப் பேச்சு தரும் நம்பிக்கை வராது.

ஜூலை 8, செவ்வாய்

எக்ஸ்ரே பதிவு, மருத்துவக் கழிவு நிறுவன ஒப்பந்தம், கிளினிக் பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில். புதுப்பிக்கும் தேதிகள் காலண்டரில்.

ஜூலை 13, ஞாயிறு

பழைய நோயாளிகளின் பதிவேட்டைப் புரட்டினேன். எல்லோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது வழக்கம். எல்லோருக்கும் அது தேவையில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004இல் தந்த வழிகாட்டியில் பெரியவர்களுக்கு ஆளைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி விடலாம் என்கிறது. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை உள்ளவர்களை மூன்று மாதத்தில் அழைக்கிறேன். சொத்தையே இல்லாத வாலிபர்கள் ஒன்றரை வருடம் கழித்து வரட்டும். அவர்களால் நிறையும் இடத்தில் சர்க்கரைக்காரர்கள் இருவரைப் பார்க்கலாம்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. காரைதான் ஆடும் பல்லைப் பிடித்துவைத்திருக்கிறது, எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது என்று கண்ணாடியில் காட்டிச் சொன்னால் கேட்கிறார்கள். காட்டாமல் சொன்னால் கேட்பதில்லை.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்து மூன்றாம் நாள். கல்யாண வீடுகள் இல்லாததால் சனிக்கிழமையும் நிரம்பியிருந்தது. ஆறே முக்காலுக்கு ஒரு கல்லூரிப் பையனுக்கு ஞானப்பல் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போடத் தயாராகிக் கையுறை மாட்டிவிட்டேன். சின்னவள் பையை நீட்டாமல் நின்றாள்.

"மேடம், பை ஈரமா இருக்கு. திறக்க வேண்டாம்."

ஓரத்தில் விரல் நுனி அளவு ஈரம்தான். ஈரமான தாள் வழியாக வெளியிலிருக்கும் கிருமி உள்ளே நுழையும், ஈரமான பை சுத்தமில்லாத பை என்பது பாடம். அதே லோடில் வந்த மற்றப் பைகளையும் அவளே எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பையனின் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன்: கருவி ஈரமாக வந்திருக்கிறது, மறுபடி போட வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், அல்லது நாளைக் காலை முதல் ஆளாக வரலாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்கே வருகிறோம் என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து ஆட்டோகிளேவ் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்பு சின்னவளுடையது. சம்பளமும் அதற்கேற்றபடி கூடும். எந்த லோடையும் நிறுத்த அவளுக்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. கதவு காஸ்கெட்டைப் பார்க்க மதுரையிலிருந்து ஆள் திங்கட்கிழமை வருகிறார். அதுவரை லோடுக்குப் பைகளைக் குறைத்து, உலர்த்தும் நேரத்தைக் கூட்டி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். திங்கள் மாலைக்குக் குறித்திருந்தவர்களில் மூன்று பேரை அக்கா போன் செய்து புதனுக்கு மாற்றிவிட்டார்.