சுறா என்ன செய்யும்?

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பத்தாம் நாளும் பால் போதவில்லை. நாங்கள் தங்கச்சிமார் பால்சுறா வறையாய் வறுத்துக் கொட்டினோம். பார்க்க வந்த மாமிமார், "ஒழுங்காச் சாப்பிடுறியே பிள்ளை?" எண்டு கேட்டுவிட்டுப் போனார்கள். அவாக்குப் பதினெட்டு வயதிலிருந்தே பீசிஓஎஸ். பிள்ளை கிடைத்ததோடு அந்தக் கதை முடிஞ்சுது எண்டுதான் ஊர் நினைப்பு.

முடியவில்லை. பால் சுரக்கும் இழையங்கள் பருவ வயதிலும் கர்ப்பகாலத்திலும் ஹோர்மோன்களால் வளர்பவை. பீசிஓஎஸ் உள்ள சிலருக்கு அவை போதியளவு வளர்வதில்லை. சுரப்புக்கு இன்சுலினும் வேண்டும். உடல் அதற்கு இசையாவிட்டால் பால் குறையலாம். எல்லாருக்கும் இப்படியில்லை, நிறையப் பேர் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் குறைந்தவர்களிடம் சாப்பாட்டுக் கணக்குக் கேட்டு என்ன பயன்? சுறாதான் பாவம்.

இப்போது குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபடி முதலில் தாய்ப்பால், பிறகு குறையிற அளவுக்குப் பால்மா. மாமிமார் படலை திறக்கிற சத்தம் கேட்டால் பால்மா டின்னை அலுமாரிக்குள் ஒளிக்கிறது எங்கட வேலை.